கோபுரம் இல்லாத ஊர்

இத்தாலி தேசத்தில் சான் ஜிமிஞானோ என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பழைய காலத்துச் செல்வர்கள் போட்டியிட்டுக் கட்டிய கற்கோபுரங்களில் 14 இன்னும் நிற்கின்றன. அவற்றைக் காணப் பல தேசத்தாரும் வருகிறார்கள். நமது தேவர்சோலைக்கோ ஊர் பார்க்க வருவோர் அரிது. கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்குச் செல்லும் பிரயாணிகள் இரு புறமும் உள்ள தேயிலையைப் பார்த்தவாறே கடந்து போய்விடுகிறார்கள்.

ஆயினும், கல்லில் எழுதப்பட்டால்தான் சரித்திரமா?

ஊரின் பெயரிலேயே கதை தொடங்குகிறது. சோலை என்பது நம் மலைகளில் நீர் ஊறும் மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் பசுங்காடு. பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் இப்பக்கத்தின் பழங்குடிகள். 1877-ஆம் வருஷம் வரையில் இது மலபார் ஜில்லாவைச் சேர்ந்த வயநாட்டுப் பகுதி. பிறகே நீலகிரியுடன் சேர்க்கப்பட்டது.

அதற்குச் சில வருஷங்களுக்குள் பொன்னாசை பிடித்தது. ஆஸ்திரேலியாவில் சுரங்க இலாகாவில் பணிபுரிந்த ப்ரஃப் ஸ்மித் என்பவர் இங்கே தங்கம் உண்டென்று 1880-இல் அறிக்கை கொடுத்தார். உடனே லண்டனில் கம்பெனிகள் காளான்களைப் போல் முளைத்தன. அடுத்துள்ள தேவாலாவிலும் பந்தலூரிலும் மலையைக் குடைந்தார்கள். கிடைத்த பொன் செலவுக்குக்கூடக் கட்டவில்லை. வந்த வேகத்திலேயே கம்பெனிகள் கலைந்தன. காப்பியை இலைநோய் வாட்டியது. அதனிடத்தில் தேயிலை பரவியது. 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்திற்குப் பின், இலங்கையின் தேயிலை மலைகளில் தலைமுறைகளாக உழைத்த தமிழர் பலர் இந்தத் தாலுகாவில் குடியேறினார்கள்.

செல்வங்கள் வந்தன, போயின. அவற்றிற்காக உழைக்க வந்தவர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். ஆகவேதான் ஒரே வகுப்பில் தமிழும் மலையாளமும் கன்னடமும் பணியர் பேச்சும் நம் காதில் விழுகின்றன. கோபுரங்களுக்கு இது குறைந்த காட்சியா?

ஒரு குறை மட்டும் தீரவில்லை. பழைய ஜன்மிகளின் உரிமையை ஒழிக்க 1969-இல் சட்டம் பிறந்தது. ஆனால் குத்தகை நிலங்களைப் பற்றிய அதன் 17-ஆம் பிரிவு வழக்குகளில் சிக்கிக்கொண்டது. தலைமுறைகளாய்க் குடியிருந்தும் வீட்டுக்குப் பட்டா காணாத குடும்பங்கள் தாலுகாவில் பல.

பாட்டனார் எங்கிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் உழைத்தார், எந்த வருஷம் குடிசை போட்டார் என்று வீட்டில் கேட்டு எழுதிவரும்படி நம் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம். பெரியவர்கள் மறைவதற்குள் அவ்விவரம் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிட வேண்டும். "இந்த மண்ணில் நீ யார்?" என்று எவரேனும் கேட்கும் நாளில், பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கட்டும்.