பொத்தானின் பின்பக்கம் சொல்லும் கதை

சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து விழுந்தால்தான் அப்படி ஒரு பொருள் இருப்பதே பலருக்கு நினைவுக்கு வரும். அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கித் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. பழைய பொத்தான்களைச் சேகரிப்பவர்கள் வேறு ரகம். கையில் ஒரு பொத்தான் கிடைத்தால் அவர்கள் செய்யும் முதல் வேலை, அதைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான்!

அழகெல்லாம் முன்பக்கத்தில் இருக்க, பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

காரணம் எளிது. முன்பக்கம் பிறர் பார்ப்பதற்காகச் செய்யப்படுவது. ஒரு பூ, ஒரு கழுகு, ஒரு கிரீடம் நன்றாக விற்றால் ஐம்பது வருடம் கழித்தும் அதே உருவத்தை மறுபடி அடிப்பார்கள். பழைய அச்சையே எடுத்து மீண்டும் அடித்த ராணுவப் பொத்தான்களும் உண்டு. அவற்றின் முகத்தை மட்டும் பார்த்தால் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியாது. பின்பக்கம் அப்படியல்ல. அதை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் யாரும் அலங்கரிப்பதில்லை. அந்தக் காலத்துக் கருவி எப்படியோ, தொழிற்சாலை எப்படியோ, அப்படியே பின்பக்கமும் அமைந்துவிடுகிறது.

காம்பில் தொடங்கலாம்

பொத்தான்களில் பெரிய பிரிவுகள் இரண்டு. நடுவில் இரண்டு அல்லது நான்கு துளை உள்ளவை ஒன்று. துளை இல்லாமல் பின்னால் ஒரு வளையம் உள்ளவை இன்னொன்று. அந்த வளையத்தை ஆங்கிலத்தில் 'ஷாங்க்' என்பார்கள். தமிழில் காம்பு என்று சொன்னால் பொருந்தும். பூவுக்குக் காம்பு போலப் பொத்தானைத் துணியோடு பிடித்து நிறுத்துவது அதுதான்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் புழங்கிய உலோகப் பொத்தான்கள் பல, வார்ப்பில் செய்யப்பட்டவை. காம்பும் சேர்ந்தே வார்க்கப்பட்டால் பின்னால் சிறு மேடு தெரியும், அதில் துளை போட்டிருப்பார்கள். வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடும் சிலவற்றில் தெரியும். கடைசலில் சுற்றி மழித்திருந்தால் வட்டம் வட்டமாகக் கீறல்கள் இருக்கும். அதே காலத்தில் இன்னொரு வகையும் இருந்தது. முன்பக்கம் மெல்லிய உலோகத் தகடு, பின்பக்கம் எலும்பு அல்லது மரம், அதில் துளையிட்டு ஆட்டுக் குடலில் திரித்த நரம்பைக் கோத்துக் காம்பாக்கியிருப்பார்கள்.

நூற்றாண்டு முடியும் நேரத்தில் தட்டையான பித்தளை வட்டுகள் பெருகின. அவற்றின் காம்பு ஒரு கம்பித் துண்டு. இரு நுனிகளையும் வெளிப்பக்கமாக மடக்கி, பாதம் வைத்ததுபோல் பற்றவைத்திருப்பார்கள். கிரேக்க எழுத்து ஒமேகாவைப் போல இருப்பதால் அதற்கு 'ஒமேகா காம்பு' என்று பெயர். பொத்தான் தொழிலுக்குப் பேர்போன பர்மிங்காம் நகரில் காம்பு செய்வதே தனித் தொழிலாக இருந்தது. 1794இல் ரால்ஃப் ஹீட்டன் என்பவர் நீராவியால் இயங்கும் காம்பு எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

1813இல் அதே பர்மிங்காம் வட்டாரத்தைச் சேர்ந்த பெஞ்சமின் சாண்டர்ஸ், இரண்டு உலோக ஓடுகளின் விளிம்பை ஒன்றின்மேல் ஒன்றாக மடக்கிப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார். கம்பி வளையம் தைத்த நூலை அறுத்துவிடும் என்ற குறை மட்டும் இருந்தது. 1825இல் அவர் மகன் அதற்கும் வழி கண்டார். பின் ஓட்டின் துளை வழியாகக் கித்தான் துணியைச் சிறு குமிழாக வெளியே தள்ளிவிட்டார், ஊசி எந்தப் பக்கமும் நுழையலாம்! ஆகவே பின்னால் துணிக் குமிழ் உள்ள பொத்தான் ஒன்றை "இது 1780ஆம் வருடத்துப் பொத்தான்" என்று யாராவது விற்றால், விற்பவர் சொல்வதைவிடக் காம்பு சொல்வதை நம்புவது நல்லது.

எழுத்து இருந்தால் போதுமா?

பல உலோகப் பொத்தான்களின் பின்னால் வட்டமாக எழுத்துகள் இருக்கும். 'ட்ரெபிள் கில்ட்' (மும்மடங்கு தங்கமுலாம்), 'பெஸ்ட் குவாலிட்டி', 'ரிச் ஆரஞ்ச்' என்றெல்லாம் பெருமை பேசும். முலாமே இல்லாத பொத்தானிலும் இப்படி முத்திரை குத்தி ஏமாற்றியவர்கள் இருந்ததால், 1796இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. ஒரு பொத்தானின் முதுகுக்காக ஒரு சட்டம்!

நிறுவனத்தின் பெயர் இருந்தால் காலம் இன்னும் துல்லியமாகக் கிடைக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாட்டர்பரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஸ்கோவில் குடும்பத்தார் செய்த பொத்தான்களே நல்ல உதாரணம். 1827 முதல் 1840 வரை 'ஜே.எம்.எல். அண்ட் டபிள்யூ.எச். ஸ்கோவில்' என்று சகோதரர்கள் இருவரின் பெயர். 1840 முதல் 1850 வரை 'ஸ்கோவில்ஸ் அண்ட் கோ'. 1850க்குப் பிறகு 'ஸ்கோவில் மேனுஃபேக்சரிங் கம்பெனி'. முன்பக்கத்துக் கழுகு ஒரே மாதிரி இருந்தாலும், பின்பக்கத்துப் பெயர் எந்தப் பத்தாண்டு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எழுத்தை அப்படியே நம்பவும் கூடாது. கறுப்பு ரப்பர் பொத்தான்கள் சிலவற்றின் பின்னால் 'குட்இயர்' என்ற பெயரும் 1851 என்ற ஆண்டும் இருக்கும். பார்த்தவுடன் "1851இல் செய்தது" என்று பலர் குதிப்பார்கள். அது நெல்சன் குட்இயர் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு. அதே முத்திரையோடு பொத்தான் செய்த நாவல்டி ரப்பர் கம்பெனி தொடங்கியதே 1855இல்தான்! முத்திரையில் உள்ள ஆண்டு, "இதற்கு முன்னால் இல்லை" என்று மட்டுமே சொல்லும். 'டெபோஸே' என்ற சொல்லும் இப்படித்தான். அது செய்தவர் பெயர் அல்ல, 'பதிவு செய்யப்பட்டது' என்பதற்கான பிரெஞ்சுச் சொல். 'செக்கோஸ்லோவாகியா' என்று இருந்தால் 1918க்கு முன்னால் போக முடியாது. அந்த நாடே அந்த ஆண்டில்தான் பிறந்தது.

எழுத்தே இல்லாவிட்டால்?

அப்போது பொருள் பேசும். கண்ணாடி போலத் தோன்றும் வெள்ளைச் சட்டைப் பொத்தானின் பின்பக்கம் ஆரஞ்சுத் தோல் போலப் பொடிப்பொடியாகக் குழிந்திருந்தால், அது பெரும்பாலும் பீங்கான். களிமண் பொடியை அச்சில் அழுத்திச் சுடும் முறைக்கு ரிச்சர்ட் பிராசர் 1840இல் காப்புரிமை பெற்றார். எனவே அது அதற்குப் பிந்தியது.

கறுப்புப் பொத்தான் என்றால் உடனே 'ஜெட்' என்று விலை சொல்லுவார்கள். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா மகாராணி துக்க உடையைக் கைவிடவே இல்லை. அந்த மோகத்தில் ஜெட்டுக்கு மவுசு கூடியது. ஜெட் என்பது புதைந்து கெட்டியான மரம், அதைச் செதுக்கித்தான் பொத்தான் செய்ய வேண்டும். வாங்க முடியாதவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கிடைத்தது. பின்னால் உலோகத் தகடும் வளையமும் பொத்தானுக்குள்ளேயே புதைந்திருந்தால் அது இளகிய கண்ணாடியில் பதித்தது. செதுக்குகிற பொருளில் அப்படிப் பதிக்க வழியில்லை.

சிப்பிப் பொத்தானின் பின்னால் பழுப்பாகத் தோல் ஒட்டியிருப்பதைக் குறை என்று பலர் ஒதுக்குவார்கள். அது சிப்பியின் வெளிப்புறம். பிளாஸ்டிக்கில் இது வராது. ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் போப்பிள் என்பவர் 1891இல் அமெரிக்காவின் மஸ்கட்டைன் ஊரில் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியை வட்ட வட்டமாக வெட்டத் தொடங்கினார். 1905இல் அந்த ஊர் ஒரே வருடத்தில் சுமார் 150 கோடிப் பொத்தான்கள் செய்தது. ஆற்றுச் சிப்பிகள் குறைந்துபோய், அவற்றை வளர்க்கவென்றே அரசு ஒரு நிலையம் அமைக்கும் நிலை வந்தது. அந்தப் பழுப்புத் தோலில் ஒரு ஆற்றின் கதையும் இருக்கிறது.

பொத்தான் சாட்சி சொன்னபோது

இதெல்லாம் பொழுதுபோக்குதானே, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். அதற்குக் கனடாவில் ஒரு பதில் இருக்கிறது.

1987இல் ஒன்டாரியோ மாகாணத்தின் ஃபோர்ட் ஈரி நகரில், ஏரிக்கரையில் ஒரு மனையைத் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. அந்த இடத்தின் பழைய பெயர் 'ஸ்னேக் ஹில்'. 1814இல் அமெரிக்கப் படை ஃபோர்ட் ஈரி கோட்டையைப் பிடித்து வைத்திருந்தபோது பிரிட்டிஷ் படை முற்றுகையிட்ட இடம் அது. இறந்தவர்கள் யார்? பிரிட்டிஷ் வீரர்களா, அமெரிக்கர்களா, அந்த ஊர் மக்களா? கல்லறைக் கல் கிடையாது, பெயர்ப் பட்டியல் கிடையாது. துணி மக்கிப்போயிருந்தது. எலும்புக்கு எந்த நாட்டு எலும்பு என்று சொல்லத் தெரியாது.

ஆய்வாளர்கள் பல சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் முக்கியமானவை எலும்புகளோடு கிடந்த சீருடைப் பொத்தான்கள். மண்ணில் கிடந்த பொத்தானின் முகம் அரித்துப் போயிருக்கலாம். அப்போது வார்ப்பா தகடா, காம்பு எப்படி வைத்தது, பின்னால் ஏதாவது எழுத்து உண்டா என்பதே கைகொடுக்கும். கடைசியில் 28 பேர் அமெரிக்க வீரர்கள் என்று முடிவானது. 1988 ஜூன் 30 அன்று அவர்கள் ராணுவ மரியாதையோடு எல்லை தாண்டி அனுப்பப்பட்டு, நியூயார்க் மாநிலத்தின் பாத் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். 174 வருடம் கழித்து ஊர் திரும்பினார்கள்! பெயர் கிடைக்கவில்லை, ஆனால் எந்த நாட்டின் பிள்ளைகள் என்பதாவது தெரிந்தது.

ஆகவே பழைய பொத்தான் யாருக்காவது கிடைத்தால் சில விஷயங்களைக் கவனித்தால் நல்லது. பளபளப்பாக்கக் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் முதலில் போவது பின்பக்கத்து மெல்லிய எழுத்துதான். வளைந்த காம்பை நிமிர்த்த வேண்டாம், உடைந்துவிடும். என்ன பொருள் என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்தவே வேண்டாம். அது செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று தீப்பிடிக்கும்! ஒரு பூதக்கண்ணாடியும், சாய்வாக விழும் வெளிச்சமும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

மண்ணிலிருந்து எடுத்ததாக இருந்தால் இன்னும் ஒன்று. எந்த இடத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை எழுதி வைக்காமல் எடுத்துப் போகக் கூடாது. ஸ்னேக் ஹில் பொத்தான்களை யாராவது முன்பே பொறுக்கிக் கழுவி ஒரு டப்பாவில் போட்டிருந்தால், அந்தக் கழுகுகள் இன்று யாருடைய அலமாரியிலோ மின்னிக்கொண்டிருக்கும். அந்த 28 பேரும் யாரென்று தெரியாமலே கிடந்திருப்பார்கள்.