படுதாவும் கயிறும்

நாடகம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மவரிடையே இன்றும் உண்டு. மேடையேறி நடிப்பதைப் பற்றி அவர்கள் கூறும் குறைகளை இங்கே ஆராய நாம் முற்படவில்லை. மேடையேறாமலே நாடகத்துக்கு உழைப்பவர் கூட்டமொன்று உண்டு. படுதா எழுதுபவர், தட்டி கட்டுபவர், கயிறு இழுப்பவர், விளக்கைக் கவனிப்பவர் எனப் பலவகைப்பட்டோர் அக்கூட்டத்தில் அடங்குவர். விருதுநகர் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் செய்து வருவதும் அந்த வேலையே.

சிவகாசி அச்சகமொன்றில் பணிபுரியும் நம் உறவினர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். பள்ளிப் படிப்பை முடித்த அவருடைய மகன் காட்சியமைப்புக் கலையைக் கற்க விரும்புகிறானாம். "நீங்க சொன்னா கேப்பான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்றார். அவருக்கு நாம் அளித்த மறுமொழியைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இதே கவலை வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் அன்றோ?

முதலில் இவ்வேலை இன்னதென்று சொல்லவேண்டும். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வச்சிரப் பசையும் சீமைச் சுண்ணாம்பும் கலந்து பூசுவார்கள். பூச்சு கனத்தால் படுதாவைச் சுருட்டும்போது வெடித்து உதிரும். மெலிந்தால் வண்ணத்தைத் துணி குடித்துவிடும். காய்ந்தபின் அதன்மேல் தர்பார், தெரு, காடு, தோட்டம் எனக் காட்சிகளை எழுதுவார்கள். அருகில் நின்று பார்ப்பவனுக்கு அது வெறும் திட்டுத் திட்டான வண்ணமே. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்குத்தான் அது தூணாகவும் மாடமாகவும் எழுந்து நிற்கும். தூணின் நிழலை எந்தப் பக்கம் தீட்டினோமோ, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து விளக்கு வரவேண்டும். இல்லையேல் குழந்தைகூடப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் கறுத்துப் போகும் என்பதை அறியாதவன் எழுதிய வானம், இரவில் கரிச்சுவராகிவிடும்.

நம் தெருக்கூத்துக்கு இவ்வளவும் தேவைப்பட்டதில்லை. இருவர் பிடித்து நிற்கும் ஒரு திரையே அதற்குப் போதுமாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகச் சென்ற பார்சி நாடகக் கம்பெனிகளே எழுதிய படுதாக்களையும் தந்திரக் காட்சிகளையும் தென்னாட்டாருக்குப் பழக்கின. லக்னோ கவிஞர் ஆகா ஹசன் அமானத் உருதுவில் இயற்றிய 'இந்தர் சபா' அவர்களால் நாடெங்கும் புகழ்பெற்று, 'இந்திர சபா'வாகத் தமிழ் மேடைக்கும் வந்தது. பின்னர் கன்னையா கம்பெனியும் நவாப் இராஜமாணிக்கத்தின் சபையும் காட்சி ஜோடனைக்கென்றே பெயர் பெற்றன. அந்த மரபை நம் காலம் வரை கொண்டு வந்தவர் ஆர்.எஸ். மனோகர்.

இவ்வட்டாரத்துக்கே உரிய இரு செய்திகளை நாம் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாத தாஸ், தேசியப் பாடல்களை மேடையில் பாடியதற்காகப் பன்முறை சிறை சென்ற நடிகர். 1940 டிசம்பர் 31 அன்று இரவு சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்' நாடகம் நடந்தது. முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் அந்த மயிலையும் தவறாமல் சொல்கிறார்கள். அதைச் செய்த தச்சரைச் சொல்வதில்லை. இறுதி மூச்சுவரை ஒரு மனிதரின் பாரத்தைச் சுமந்து நின்றது அவர் அடித்த ஆணியும் கட்டிய கட்டுமன்றோ?

மற்றொருவர் கொண்டையராஜு (1898–1976). சென்னையில் ஓவியக் கல்வி பெற்று, சிலகாலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் தங்கி, பிறகு நாடகக் கம்பெனியொன்றில் படுதா எழுதச் சேர்ந்தவர். 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டிக்கு வந்திருந்தபோது அக்கம்பெனி கலைந்து போயிற்று. அவர் ஊர் திரும்பவில்லை. கோவில்பட்டியிலேயே தங்கி ஓவியக்கூடம் அமைத்தார். சுப்பையா, அருணாசலம், இராமலிங்கம், சீனிவாசன் முதலியோர் அவரிடம் உருவானார்கள்.

சாத்தூர் வழியே சென்றால் சிவகாசி அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாராலும் சண்முக நாடாராலும் அவ்வூர் தீப்பெட்டி நகராயிற்று. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகங்கள் பெருகின. அந்த அச்சகங்களுக்கு நாட்காட்டிப் படம் தேவைப்பட்டது. கோவில்பட்டியார் எழுதிக் கொடுத்தார்கள். நாடக தர்பாரின் திரைச்சீலையும் தூண்களும் பளிங்குத் தரையும் நாட்காட்டியில் ஏறி இலட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்றன. இந்துப் பெருமக்கள் இல்லங்களில் தெய்வப் படங்களைக் கொண்டு சேர்த்த அதே சிவகாசி அச்சகங்கள்தாம், நம் வீட்டுச் சுவர்களுக்கு மக்கா மதீனாப் படத்தையும் தொழுகை நேர அட்டவணையையும் அச்சிட்டுத் தருகின்றன. நம் உறவினர் அன்றாடம் இயக்கும் இயந்திரத்துக்கு வேலை கொடுத்த கலைகளுள், கலைந்துபோன ஒரு கம்பெனியின் படுதாக் கலையும் ஒன்று. இதை அவரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை.

இனி, இவ்வேலையின் கடினமான பகுதிக்கு வருவோம். அந்தரத்தில் பறக்கும் பாத்திரத்தைக் கப்பியில் கோத்த கயிறு தூக்குகிறது. மறுமுனையில் மணல் மூட்டை தொங்குகிறது. கயிற்றைப் பிடித்திருப்பவனை மேலே பறப்பவன் பார்ப்பதில்லை. நாரால் திரித்த கயிறு மழையில் நனைந்தால் இறுகும். வெயிலில் காய்ந்தால் தளரும். காலையில் கட்டிய கட்டை மாலையில் மீண்டும் சோதிக்காதவனுக்கு இத்தொழிலில் இடமில்லை. அந்த உயிர் நம் கையில் தரப்பட்ட அமானிதம்.

பட்டாசு வட்டாரத்தில் இப்பொறுப்பு இரட்டிப்பாகிறது. பல ஆண்டுகளுக்கு முன், சிவகாசிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில், அசுரன் மாளும் கட்டத்துக்கென விழாக் குழுவினர் காகிதப் பொட்டலத்தில் மருந்து கொண்டு வந்து கொடுத்தார்கள். இங்கே மருந்து என்றால் வெடிமருந்துதான். அதைக் கையாளத் தெரிந்தவர் அவ்வூரில் வீட்டுக்கொருவர் இருந்தனர். மேலே ஓலைப் பந்தல், பின்னே பசையூட்டிய துணி, எங்கும் காய்ந்த கயிறு. எதிரே தரையில் நெருங்கி அமர்ந்த பெண்களும் பிள்ளைகளும். நாம் மறுத்துவிட்டோம்.

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோ நகரின் இரோக்வா நாடகக் கொட்டகையில் ஒரு விளக்கின் பொறி திரையைப் பற்றியதில் அறுநூறு பேருக்குமேல் மாண்டார்கள். தீயைத் தடுக்க வைத்திருந்த திரை பாதியில் சிக்கிக்கொண்டது; கதவுகள் பல பூட்டிக் கிடந்தன. நாம் அன்று இரவு சிவப்புக் கண்ணாடித்தாள் பொருத்திய விளக்குகளை வேகமாக அணைத்து ஏற்றினோம். நீண்ட தகரத் தகட்டைத் தொங்கவிட்டு உலுக்கி இடி முழக்கினோம். கூட்டம் ஆரவாரித்தது. விழாக் குழுத் தலைவர் மட்டும் முகத்தைத் திருப்பிக் கொண்டார். மறு ஆண்டு அவ்வூரிலிருந்து நமக்கு அழைப்பு வரவில்லை. அந்த இழப்பை இன்றும் இலாபக் கணக்கிலேயே வைத்திருக்கிறோம். 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பட்டாசு ஆலை வெடிவிபத்து பறித்தபோது, மருந்தைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நாம் எதையும் எடுத்துச் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று.

ஒளியால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வங்காளத்தில் ஒரு சான்றுண்டு. உத்பல் தத் 1959இல் கல்கத்தா மினர்வா அரங்கில் நடத்திய 'அங்கார்', நிலக்கரிச் சுரங்க விபத்தைப் பற்றிய நாடகம். சுரங்கத்துள் வெள்ளம் ஏறித் தொழிலாளர் மூழ்குவதை, ஒரு துளி நீரின்றித் தாபஸ் சென் வெறும் விளக்குகளைக் கொண்டு காட்டினார். நம் வட்டாரத்துத் தொழிலாளரின் வாழ்வையும் மரணத்தையும் அவ்வாறு மேடையில் நிறுத்தும் ஒருவன் இம்மண்ணிலிருந்து வரவேண்டும் என்பது நமது நெடுநாள் ஆசை.

அந்தப் பிள்ளை கற்பதற்கு வழியும் உண்டு. டெல்லித் தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கப்பட்டது. புனேயில் அரபுக் குடும்பத்தில் பிறந்த இப்ராஹிம் அல்காஸி, 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்து, காட்சியமைப்பை ஒழுங்கான பாடமாக்கினார். டெல்லிப் பழைய கோட்டையின் இடிபாடுகளையே 'துக்ளக்' நாடகத்துக்கு அரங்காக்கியவர் அவர். அங்குள்ள மூன்றாண்டுப் படிப்பில் சேரப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகக் கல்வி உண்டு.

எனினும் வருவாயைப் பற்றி இனிப்பாகப் பேச நாம் விரும்பவில்லை. கிராம நாடகங்கள் பங்குனி முதல் ஆடி வரை நெருக்கமாக நடக்கும். மற்ற மாதங்களில் கை ஓய்ந்திருக்கும். இரவெல்லாம் விழிப்பு. நோன்புக் காலத்தில் நாடகக் கொட்டகையின் பின்புறத்திலேயே ஸஹர் உணவை முடித்த நாட்கள் நமக்குப் பல. எழுதிய படுதாவின் இடத்தை இன்று கணினியில் அச்சிட்ட பதாகையும் ஒளித்திரையும் பிடித்துக் கொண்டன. முன்னாளில் மண் குழாயில் உப்புநீர் நிரப்பி, தகடுகளை ஏற்றியிறக்கி விளக்கைக் கூட்டிக் குறைத்தோம். இன்று அதை எவரும் செய்யலாகாது, செய்யவேண்டியதும் இல்லை. கருவிகள் மாறிவிட்டன. நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதும், ஒரு கட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் மாறவில்லை.

ஆகவே நம் உறவினரிடம் நாம் சொன்னது இதுதான்: "பையன் முதல்ல ஒரு பட்டம் வாங்கட்டும். கூடவே தச்சு வேலையும் மின்சார வேலையும் சித்திரமும் கத்துக்கட்டும். நாடகம் இல்லாத மாசத்துல அந்த மூணுல ஒண்ணு சோறு போடும். கம்பெனி கலைஞ்சாலும் கையில இருக்கற வேலை கலையாது." அவர் முழு மனத்தோடு ஒப்பவில்லை; மறுக்கவும் இல்லை. விடுமுறை முடியும்வரை மகனை நம் பட்டறைக்கு அனுப்ப மட்டும் இசைந்தார்.

பிள்ளை வந்து பத்து நாட்களாகின்றன. வண்ணம் எப்போது தருவீர்கள் பெரியத்தா என்று தினமும் கேட்கிறான். இன்னும் கயிற்று முடிச்சுகளைத்தான் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.