கடலோரத்து வேடர்கள்

இலங்கையில் வேடர் என்றதும் பலரது மனக்கண்ணில் தோன்றுவது மகியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானைக் கிராமமே. தோளிலே கோடரி, நீண்ட தாடி, சூழவும் காடு. இந்தச் சித்திரத்துக்குள் அடங்காத வேடர்களும் இந்நாட்டில் உள்ளனர். அவர்கள் கடலோரத்தில் வாழ்கிறார்கள்; தமிழ் பேசுகிறார்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரை, பனிச்சங்கேணி, களுவன்கேணி முதலிய இடங்களிலும், திருகோணமலை மாவட்டத்தில் மூதூரைச் சூழ்ந்த கிராமங்கள் சிலவற்றிலும் இவர்களது குடியிருப்புகள் உள்ளன. கடலிலும் களப்பிலும் மீன்பிடிப்பர். காட்டுக்குச் சென்று தேனெடுப்பர். சேனைப் பயிரும் செய்வர். காடும் கடலும் இவர்களுக்கு ஒரே வீட்டின் இரு வாசல்கள்.

அன்றாட வாழ்விலே அயற் கிராமத்துத் தமிழரிடமிருந்து இவர்களை வேறுபடுத்திக் காண்பது எளிதன்று. வேறுபாடு தெரிவது சடங்கின்போதுதான். குமார தெய்வத்துக்கு மடை வைத்து, இறந்த மூதாதையரை அழைக்கிறார்கள். தெய்வமேறி ஆடுபவர் குறி சொல்கிறார். நோய்க்கும் பரிகாரம் கேட்கிறார்கள். கப்பலோடு தொடர்புடைய தெய்வங்களும் இவர்களது வழிபாட்டில் உண்டு. கடலைப் பார்த்து வாழும் மக்களின் தெய்வங்கள் கப்பலேறி வருவதில் வியப்பென்ன? வீட்டிலே மறைந்துபோன பழைய வேடமொழியின் சொற்கள் சில, சடங்கிலே இன்னும் ஒலிக்கின்றன.

1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய ஆய்வு நூல் கரையோர வேடரையும் பதிவு செய்தது. ஆயினும், தமிழரோடு கலந்துவிட்டோர் என்ற கண்ணோட்டமே அதன்பின் நிலைத்தது. கலப்பற்றவரே வேடர் என்ற அளவுகோலை வைத்தால், உலகில் எந்த இனம் தேறும்?

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006 நவம்பரில் கதிரவெளியில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்குள் வாகரைப் பிரதேச மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அச்செய்திகளிலெல்லாம் அவர்கள் "தமிழ்ப் பொதுமக்கள்" என்றே குறிக்கப்பட்டனர். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று.

2007இல் பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு ஆதரவாக இலங்கை வாக்களித்தது. அவ்வுரிமைகளுள் முதன்மையானது, தாம் யாரென்று தாமே சொல்லும் உரிமை. அதனை மறுப்பது அரசு மட்டுமன்று. எங்கள் பேச்சுவழக்கில் "வேடன்" என்பது ஏளனச் சொல்லாகவும் வழங்குகிறது. ஏளனத்துக்கு அஞ்சியே இளையோர் பலர் தம் அடையாளத்தை வெளியிற் சொல்லத் தயங்குகின்றனர். தம்மை "வேட வேளாளர்" என்று உயர்த்திச் சொல்வோரும் உளர்.

எங்கள் மொழியும் அடையாளமும் மறுக்கப்படுகின்றன என்று உலகெங்கும் சென்று முறையிட்ட சமூகம் நாங்கள். எங்கள் மொழியையே பேசுகின்ற இச்சிறு சமூகம் "நாங்கள் வேடர்" என்று சொன்னால், அதைச் சிரிக்காமல் கேட்கும் பண்பு எங்களுக்கு வேண்டும். அவர்கள் தமிழைத் தங்கள் மொழியாக ஏற்றுக்கொண்டவர்கள். தங்கள் மூதாதையரைக் கைவிட்டவர்கள் அல்லர்.