போடி வீட்டு வாசலுக்கு ஏலக்காய்த் தோரணம்

வாசலுக்கு பிளாஸ்டிக் இலைக்கொடி வாங்கி மாட்டும் போடி வீடுகளைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. இத்தனை சாமானை மலை நமக்குக் கொடுத்திருக்கிறதே!

ஏலக்காய்க்கு நிறமும் பருமனும்தான் விலை. 8 மி.மீ. சல்லடையில் நிற்கும் பச்சைக்காய்க்குத் தனி மவுசு. வெடித்ததும் வெளிறியதும் மலிவாகப் போகும். அந்த வெளிறிய காயை வாங்குங்கள். காம்புப் பக்கமாக ஊசி ஏற்றி, நாலு காய்க்கு ஒரு மணி கோத்து நிலையில் கட்டுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் லேசாக மணக்கும். பச்சைக்காயை வீணாக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும். வியாபாரிகள் சாக்குக்குள் கறுப்புப் பை போடுவது அதற்குத்தான்.

இலவம்பஞ்சும் நம்ம ஊர்ச் சரக்கு. இழை வழுவழுப்பு, நூலாகத் திரிக்க வராது. திண்டுக்கோ அதை அடிக்க ஆளில்லை. பழைய சாக்கை அலசிக் காயவைத்து உறை தையுங்கள், அச்செழுத்து வெளியே தெரிய வேண்டும். அதுதான் அழகு.

அப்புறம் சுவர். ஜமீன் அரண்மனையில் ராமாயணத்தையே சுவரோவியமாகத் தீட்டிய ஊர் இது. போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைப் பிள்ளைகள் கூடத்துச் சுவரில் வரையட்டுமே. சுண்ணாம்புச் சுவர் என்றால் எனாமல் வேண்டாம், உரிந்துவிடும்.