டிராக்டர் சாவி

போன ஆடியில நடந்தது. எங்க டிராக்டரை ஓட்டுற தம்பி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏத்திக்கிட்டுப் போனவன், ரெட்டியார்சத்திரம் ரோட்டுல ஒரு டீக்கடை ஓரமா வண்டியைப் பள்ளத்துல இறக்கிட்டான். பெஞ்சுல இருந்தவங்க எந்திரிச்சு ஓடினதால தப்பிச்சாங்க. "யாரோ கூப்பிட்டாங்கண்ணே, திரும்பிட்டேன்"னான்.

அப்புறந்தான் அவங்க அம்மா வாயைத் திறந்தாங்க. நாலு வருஷமா மனநல மாத்திரை சாப்பிடுறானாம். ரெண்டு மாசமா நிறுத்திட்டானாம். வெளிய தெரிஞ்சா பொண்ணு கிடைக்காதுன்னு மறைச்சிருக்காங்க.

யாராவது செத்திருந்தா? திண்டுக்கல்ல தெரிஞ்ச வக்கீலைக் கேட்டேன். அஜாக்கிரதையா ஓட்டி உயிர் போனா, பாரதிய நியாய சன்ஹிதா 106-ன்படி 5 வருஷம் வரைக்கும் ஜெயில். மனநோயைக் காட்டி விடுதலை கேட்க 22-ஆவது பிரிவு இருக்கு. பழைய சட்டத்துல அதுதான் 84. ஆனா நோய் இருந்ததுன்னு சீட்டைக் காட்டினா மட்டும் போதாது. அந்த நேரத்துல என்ன செய்றோம்னோ, அது தப்புன்னோ புரியாத நிலையில இருந்தான்னு அவன் தரப்புதான் காட்டணும்.

புனே சந்தோஷ் மானே வழக்கையும் சொன்னார். 2012 ஜனவரி 25, ஸ்வார்கேட் டிப்போவுல இருந்து அரசு பஸ்ஸை எடுத்துத் தாறுமாறா ஓட்டினதுல 9 பேர் செத்தாங்க. அது கொலை வழக்காவே நடந்தது. மனநோய்னு வாதாடியும் கோர்ட் ஏத்துக்கல, தூக்குத் தண்டனை. 2019-லதான் உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக் குறைச்சது.

"முழுசா விடுதலை கிடைக்கிறது அபூர்வம். தண்டனையைக் குறைக்கச் சொல்லி நோயைக் காட்டலாம். ஆனா அது ரெண்டு பக்கமும் வெட்டும்"னார். ஆபத்தான நோய் இருக்குன்னு தெரிஞ்சே வண்டி ஓட்டினா, மோட்டார் வாகனச் சட்டம் 186-ன்படி அதுவே குற்றம். அபராதம் முதல் தடவை ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான். ஆனா 'தெரிஞ்சே ஓட்டினான்'ங்கிறது பெரிய வழக்குல அவனுக்கு எதிராவே நிக்கும்.

அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. இப்ப எனக்கும் தெரியும். இனி சாவியை எடுத்துக் குடுத்தா, நானும் தெரிஞ்சே குடுத்தவன்தான். கோர்ட் எவ்வளவு குறைச்சாலும் செத்தவங்க வீட்டுக்கு அதுல என்ன வந்துடப் போகுது?

அவனை வேலையை விட்டு நிறுத்தல. தோப்புக்குத் தண்ணி பாய்ச்சுறான், அதே சம்பளம். மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் சாவி என் இடுப்புலதான். "எப்பண்ணே தருவீங்க?"ன்னு கேக்குறான். அதுக்குத்தான் பதில் சொல்ல முடியல.