அப்பா முகத்தில் 27 பொட்டு

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு என்னடா செலவாச்சுன்னு யாராவது கேட்டா, "ரெண்டு அட்டை ஸ்டிக்கர் பொட்டு"ன்னு சொல்வேன். சிரிப்பீங்க. முழுசாப் படிச்சிட்டுச் சிரிங்க.

எங்க ஊர் சங்ககிரி. மலைக்கோட்டையும் லாரியும்தான் ஊருக்கு அடையாளம். அப்பாவும் லாரி டிரைவர்தான். போன டிசம்பர்ல ஒரு ராத்திரி லோடு இறக்கிட்டு வந்து படுத்தார். காலையில வாய் கொப்பளிச்சா, தண்ணி வலது பக்கமா ஒழுகுது. வலது கண்ணை மூட முடியலை. "காத்து அடிச்சிருச்சு சாமி"ன்னு அப்பத்தா அழ ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு ஸ்ட்ரோக்கோன்னு பயம்.

ஆஸ்பத்திரியில டாக்டர் முதல்ல நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது பக்க நெற்றியும் சுருங்கலை. பொதுவா ஸ்ட்ரோக்குன்னா நெற்றி தப்பிச்சிடுமாம்; இது முகத்துக்குப் போற ஏழாவது நரம்பு வீங்கினதால வர்ற பெல்ஸ் பால்சி. பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல, சில மாசத்துல சரியாயிடும்னு சொல்லி மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். ஆனா ஒரு கண் மூடாத ஆள் எப்படி லாரி ஓட்ட முடியும்?

அப்புறம் வீட்டுல தினமும் ஒரே கேள்விதான்: "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலையா?" தினம் பார்க்கிற முகத்துல வித்தியாசம் யாருக்குத் தெரியும்? அப்பதான் தோணுச்சு, இது நம்ம பாடமாச்சே!

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்ல ஒரு லாரி நகர்ந்தா அதைப் பின்தொடர்றது சுலபம். நகர்வுக்கு மூணு எண், திரும்பறதுக்கு மூணு எண், மொத்தம் ஆறு போதும். ரெண்டு ஸ்கேனைப் பொருத்த, 1992-லேயே பெஸ்லும் மெக்கேயும் வழி சொல்லிட்டாங்க: ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துல இருக்கிற புள்ளியை ஜோடியாக்கு, பொருத்து, மறுபடி செய். ஆனா முகம் லாரி இல்லை, லாரி மேல படபடக்கிற தார்ப்பாய். ஒவ்வொரு புள்ளியும் தன் இஷ்டத்துக்குப் போகும். இந்த ஃப்ரேம்ல இருக்கிற புள்ளி அடுத்த ஃப்ரேம்ல எங்கே? கன்னத்துல அடையாளமே இல்லையே! அதனால பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ரொம்ப இழுபடாம சேர்ந்தே நகரும்னு ஒரு நிபந்தனை போடுவாங்க. 2007-ல சோர்கினும் அலெக்ஸாவும் எழுதின முறை இதுக்குப் பேர்போனது. 2015-ல வந்த டைனமிக்ஃப்யூஷன், ஒரே ஒரு டெப்த் கேமராவை வச்சு அசையற ஆளையே உடனுக்குடன் முப்பரிமாணமா கட்டிக் காட்டுச்சு. இன்னொரு வழி, உடம்புலயே அடையாளம் ஒட்டிடறது. அப்பாவோட தியேட்டர்ல நான் பார்த்த 'கோச்சடையான்' (2014) மோஷன் கேப்சர்ல எடுத்ததுதான்.

நான் முதல்ல சோம்பேறித்தனமா மீடியாபைப் போட்டேன். ஒரு செல்போன் வீடியோவுலயே முகத்துல 468 புள்ளி வச்சுக் கொடுக்கும். அப்பாவைச் சிரிக்கச் சொன்னேன். நிஜத்துல இடது பக்கம் மட்டும்தான் ஏறுச்சு. திரையில ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணா சிரிச்சுது! நல்லா இருக்கிற முகங்களையே பார்த்துப் பழகின மாடல், இப்படித்தான் இருக்கணும்னு அதுவா நினைச்சுக்குது போல. அப்பா எட்டிப் பார்த்துட்டு, "சரியாயிருச்சா கண்ணு?"ன்னு கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலை. லேப்டாப்பை மூடிட்டேன்.

அடுத்த நாள் அம்மாகிட்ட ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். 27 பொட்டு, ரெண்டு செல்போன். ஜெராக்ஸ் கடையில செஸ் போர்டு கட்டம் பிரிண்ட் எடுத்து, அட்டையில ஒட்டி ரெண்டு கேமராவையும் கேலிபரேட் பண்ணேன். ரெண்டு வீடியோவும் ஒரே நேரத்துல தொடங்க, சினிமா மாதிரி ஒரு கைதட்டு.

சொதப்பல் ஒண்ணு: ஒவ்வொரு ஃப்ரேமையும் முந்தின ஃப்ரேமோட மட்டும் ஒப்பிட்டேன். துளித்துளியா தப்பு சேர்ந்து, கடைசியில உதட்டுப் பொட்டு தாடைக்கு வந்துடுச்சு. முதல் ஃப்ரேமோடயும் சரிபார்த்த பிறகுதான் நின்னுச்சு. ரெண்டு: தலை லேசா சாஞ்சாலும் வாய் நகர்ந்த மாதிரி கணக்கு வருது. அதனால அதிகம் அசையாத மூக்குத்தண்டையும் கண்ணோட உள்மூலைகளையும் ஆதாரமா வச்சு, தலையசைவை முதல்ல கழிச்சேன். மூணு: வாராவாரம் பொட்டு ஒரே இடத்துல உக்காரணும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை முகத்துக்கு ஏத்தாப்ல வெட்டி ஓட்டை போட்டுக் கொடுத்தது அம்மா.

ஞாயித்துக்கிழமை தோறும் வீடியோ. மூணு வாரம் வலது வாயோரத்துக் கோடு அசையவே இல்லை. நாலாவது வாரம் ஒன்றரை மில்லிமீட்டர். ஆனா அசையாம உக்காந்திருந்தாலே என் அளவுல ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்னு ஏற்கெனவே பார்த்து வச்சிருந்தேன். ஒரு தடவை பொய் காட்டினது போதும்னு வாயைத் திறக்கலை. அஞ்சாவது வாரம் மூணு மில்லிமீட்டர். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"போன வாரமே இவரு டீ குடிச்சப்ப ஒழுகலை. நீ எதும் சொல்லலையேன்னு நானும் கம்முனு இருந்தேன்"ன்னாங்க அம்மா. அப்பா, "அப்ப வண்டி எடுக்கலாமா கண்ணு?"ன்னார். "இது வாய்க்கு மட்டுந்தான்ப்பா. கண்ணுக்கு டாக்டர்தான் சொல்லணும்"னேன். பிப்ரவரியில டாக்டர் கண்ணைப் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட்டார். இன்னிக்கும் சிரிக்கும்போது வலது பக்கம் கொஞ்சம் தாமதமா வரும். கிராஃப்ல ரெண்டு கோடும் இன்னும் ஒட்டலை.

ஜூனியர்ஸ், ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். ரெடிமேட் மாடல் போடறது தப்பில்லை. ஆனா அது அளந்து சொல்லுதா, பழக்கத்துல சொல்லுதான்னு ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. அந்த எண்ணை நம்பி வீட்டுல ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கலாம்.

கோடு, வீடியோ எடுக்கற முறை எல்லாம் கேட்டா தர்றேன். பொட்டு மட்டும் உங்க அம்மாகிட்ட வாங்கிக்குங்க. எங்க அம்மா இனிமே தர மாட்டாங்களாம்.