சேர்த்த பிறகு கேட்கட்டும்

நாரணாபுரம்,
சித்திரை மாதம்.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கோயம்புத்தூரில் வீடு அமைந்ததில் சந்தோஷம். ஆனால் பாப்பாவை இரண்டாம் வகுப்பில் சேர்க்க அவளுக்கு எழுத்துத் தேர்வு, உங்கள் இருவருக்கும் நேர்காணல் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. போனில் சொன்னால் 'சரிக்கா, சரிக்கா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நீ பார்த்திருக்கும் பள்ளி எந்த வகை என்று முதலில் விசாரி. 'சும்மா பேசிப் பார்க்கிறோம் சார்' என்று சொன்னாலும், பேசிய பிறகு சிலருக்கு இடம் உண்டு, சிலருக்கு இல்லை என்றால் அது வடிகட்டல்தான்.

அந்தக் காலத்திலும் ஒரு தேர்வு இருந்ததே! வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஐந்து வயசு முடிந்ததாகக் கணக்கு. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஊரில் தலைமை ஆசிரியருக்கு வேறு வழியில்லை. ஜூன் மாதமே பிறந்த நாளாகிப் போனவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்! ஆனாலும் அது வயசை மட்டும்தான் பார்த்தது. அப்பாவுக்கு என்ன வேலை, அம்மாவுக்கு இங்கிலீஷ் வருமா என்றெல்லாம் கேட்கவில்லை.

இங்கே காலையிலேயே பட்டாசு ஆலை வேன் வந்து நிற்கும். தாயும் தகப்பனும் பத்து மணிக்கு நேர்காணலில் உட்கார வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. கூலியை விட்டுப் போனாலும், கேள்விக்குத் தடுமாறுவது தாய். இடம் பறிபோவது பிள்ளைக்கு.

நான் டீச்சர் வேலையில் இருந்தபோது ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். பட அட்டையில் ஆப்பிளைக் காட்டினேன், மயிலைக் காட்டினேன்; உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு மதியம் டவுசர் பையிலிருந்து தீப்பெட்டி லேபிள்களை எடுத்துத் தரையில் பரப்பினான். அச்சகத்தில் கழித்துப் போட்டவை. சேவல் ஒரு வரிசை, மான் ஒரு வரிசை, கப்பல் ஒரு வரிசை. எந்த வரிசையில் எத்தனை என்று கேட்டேன். விரல் வைத்து எண்ணாமலே சொன்னான். முதல் நாள் பதிலுக்கு மார்க் போட்டிருந்தால் அவனுக்கு முட்டைதான்.

பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்ப்பதே தப்பு என்று சொல்லவில்லை. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது நாங்களும் பார்த்தோம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தோம். ஆனால் பிள்ளை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்த பிறகு பார்த்தோம். எங்கிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பது என்று எங்களுக்குத் தெரிவதற்காக. யாரையும் வாசலோடு அனுப்புவதற்காக இல்லை.

ஆகவே பாப்பாவை உட்கார வைத்துக் கேள்வி பதில் உருப்போட வைக்காதே. லீவு விடுவதற்குள், வகுப்பு நடக்கிற நேரமாகப் பார்த்து, நீயும் உன் வீட்டுக்காரியும் பள்ளிக்குப் போங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார். கடைசி பெஞ்சுப் பிள்ளையின் நோட்டைத் திருத்தியிருக்கிறார்களா என்று பார். 'படிப்பில் பின்தங்கினால் என்ன செய்வீர்கள்?' என்று கேள். 'டியூஷன் வையுங்கள்' என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்துவிடு.

பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளிக்கும் ஒரு எட்டு போய்ப் பார். வாழ்நாள் முழுக்க அரசுப் பள்ளி டீச்சராக இருந்தவள் வேறென்ன சொல்வாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொண்டே போய்ப் பார்.

இப்படிக்கு,
உன் அக்கா